இங்கு சடை பின்னப்படும்

நல்லூற்றில் ஊற்று கிடையாது. முன்னொரு காலத்தில் இருந்ததா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், இருந்திருக்கும் என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள், ஏனென்றால் பேரிலாவது தண்ணீர் வைத்திருக்கும் ஊரை அதற்கு மேல் துருவுவது நாகரிகம் அல்ல. கண்மாயில் கிரிக்கெட் நடந்தது, கிணறுகளில் புறாக்கள் குடும்பம் நடத்தின, தெருக்குழாய்கள் தேர்தலுக்குத் தேர்தல் பச்சை வண்ணம் பூசிக்கொண்டு அடுத்த தேர்தல் வரைக்கும் உஸ்ஸென்று காற்றை மட்டும் விட்டுக்கொண்டிருந்தன, கோடையில் அந்தக் காற்றும் கொஞ்சம் குறைந்துவிடும். குடிக்க, குளிக்க, சாமி கும்பிட, சண்டை போட எல்லாவற்றுக்கும் அம்பலவாணனின் டேங்கர் லாரிதான். அது வருகிற நாள் விசேஷ நாள், வராத நாள் விரத நாள்.

இந்த ஊரின் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பார்லர் வைத்திருந்த நாகஜோதியிடம் எல்லாச் சொற்களும் இருந்தன, ஒன்றைத் தவிர. அவளுக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. முகூர்த்தத்துக்குப் போகிற வழியில் மூன்று பெண்கள் ஒன்றாக வந்து தலையை நீட்டினாலும் சரி என்பாள், புருவம் திருத்த வந்தவள் கைக்குழந்தையை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போனாலும் சரி என்பாள், அந்தக் குழந்தை பவுடர் டப்பாவைக் கவிழ்த்தாலும் சரி என்பாள். "முடியை வச்சுப் பொழைக்கிறவளுக்கு முடியாதுங்கிற வார்த்தை எதுக்கு?" என்று பக்கத்து வீட்டுப் பேச்சி மதினி கேலி செய்வாள், செய்துவிட்டு ஒரு குடம் கடன் வாங்கிக்கொண்டு போவாள், அந்தக் குடம் திரும்பி வராது.

பார்லர் பலகையின் கதையும் அதேதான். 'இங்கு மணப்பெண் சடை பின்னப்படும்' என்று எழுதச் சொல்லியிருந்தாள். பெயிண்டர் பூச்சடை வைத்த மணப்பெண்ணை முதலில் வரைந்தான், ஆசையில் முகத்தைப் பெரிதாக வரைந்துவிட்டான், பிறகு எழுத இடம் போதவில்லை. "படத்துலயே மணப்பெண் இருக்குல்லக்கா, அதை எழுத்துல வேற எதுக்கு?" என்று அவன் கேட்டபோது அவளும் சரி என்றாள். நல்லூற்று வெயில் இரண்டு கோடையில் மணப்பெண்ணைத் தின்று தீர்த்தது. மிச்சம் இருந்தது ஒரு மூக்குத்தியும், கீழே 'இங்கு சடை பின்னப்படும்' என்ற மூன்று சொற்களும்தான்.

ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு மதியம், டீக்கு நின்ற பேருந்திலிருந்து இறங்கிய ஒரு மனிதன் அந்தப் பலகையை வாய்விட்டுப் படித்தான், இன்னொரு முறை படித்தான், பிறகு செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அவன் தலையில் இருந்ததை முடி என்று சொல்ல நாகஜோதிக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நெற்றிப்பக்கம் வடக்கயிறுகளாகத் தொங்கின சில சடைகள். காதோரம் இரண்டு மூன்று ஒன்றோடொன்று ஒட்டி வேரில் பின்னிக் கிடந்தன. சில இடங்களில் நூலாக நைந்து, இதோ அறுந்துவிடுவேன் என்று மிரட்டின. பிடரியில் எல்லாம் ஒன்றாகித் திரண்டு, வாசலில் போடும் கால்மிதியைச் சுருட்டி ஒட்டினாற்போல் ஒரு மொத்தை. அதில் வைக்கோல் இருந்தது, செம்மண் இருந்தது, கிரீஸ் இருந்தது, ஒரு பேருந்துச் சீட்டு இருந்தது.

"ஏனுங் அம்மிணி, சடை பின்னறது இங்கதானுங்களா?"

நாகஜோதி அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "பொண்ணு எங்கண்ணே?"

"பொண்ணு ஊர்ல இருக்குதுங். ஆவணியில கல்யாணம். சடை எனக்குத்தானுங்."

அவன் பெயர் செங்கோடன். திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் வண்டியில் வேலை. ஊர் ஊராக, மாநிலம் மாநிலமாகப் போய்ப் பூமியில் துளை போடுகிறவன். துளையிலிருந்து தண்ணீர் வந்தால் வண்டிக்காரருக்கு மாலை போடுவார்கள், வெறும் தூசிப் புகை வந்தால் வண்டிக்காரரைத் துரத்துவார்கள். அவனுடைய வாழ்க்கையில் மாலையைவிட ஓட்டமே அதிகம். தலை வாரவோ வெட்டவோ நேரம் இல்லாமல் சேறும் தூசியும் எண்ணெயுமாக முடி தானாகச் சடை பிடித்தது.

"அப்ப மொட்டை போட்டுருங்கண்ணே, சுலபம்" என்றாள்.

"இல்லீங். எனக்கு இது புடிச்சிருக்குதுங்" என்றான் செங்கோடன், கொஞ்சம் வெட்கத்தோடு. "கண்ணாடியில பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. வேணி, எம் பொண்ணுங், அவளுக்கும் புடிக்கும். போன்ல இந்தத் தலையோடதானுங் என்னைய பாத்து வளந்தா. 'வெட்டாம வாங்கப்பா, ஆனா சுத்தமா வாங்க, சம்பந்தி வீட்டுக்காரங்க மூக்கைப் புடிக்கக் கூடாது'ன்னு சொல்லீட்டா."

ஒரு மனிதன் பக்தியும் இல்லாமல், வேண்டுதலும் இல்லாமல், பைத்தியமும் இல்லாமல், பிடித்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சடை வைத்திருப்பதை நாகஜோதி அதுவரை கேள்விப்பட்டதில்லை. அன்றைக்கு அவளிடம் அரை வாளித் தண்ணீர் இருந்தது. சடையைப் பழுது பார்க்கத் தெரியாது. வழக்கம்போல, சரி என்றாள்.

போனில் தேடினால் ஏதோ ஒரு தேசத்துப் பெண், குரோஷா ஊசியால் சடையைச் சரி செய்துகொண்டிருந்தாள். அந்த ஊசி நாகஜோதியிடமும் இருந்தது, வாசல் தோரணம் பின்னுவதற்காக வாங்கியது. பூந்திக்கொட்டையும் சீயக்காயும் ஊறிய தண்ணீரை ஒரு சொம்பு மொண்டு ஊற்றினாள். எண்ணெய் தொடவில்லை, எண்ணெய் பட்டால் அழுக்கு குடியேறும் என்று அந்தப் பெண் சைகையால் சொல்லியிருந்தாள். ஒட்டிய சடைகளை வேரில் பிடித்து மெல்லப் பிரித்தாள், வைக்கோலை ஊசி முனையால் எடுத்தாள், பிறகு இடது காதுக்குப் பின்னால் கல் போல் இறுகியிருந்த ஒரு முடிச்சில் ஊசியைக் கோத்து இழுத்தாள். கோலிக்குண்டு அளவு செம்மண் உருண்டை ஒன்று கழன்று விழுந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர் வந்தது.

ஊற்றின தண்ணீர்தான் வடிகிறது என்று நினைத்தாள். அழுக்குத் தண்ணீருக்குக் கீழே வைத்த வாளி அரையாகி, முக்காலாகி, விளிம்புக்கு வந்தது. நாகஜோதி முதலில் செய்த காரியம், வாளியை மாற்றியதுதான்.

"அண்ணே, இது எப்பயிருந்து?"

"இப்பத்தானுங் பாக்கறேன். தலை பாரமாத்தான் இருந்துச்சு, சளின்னு நெனச்சேன்."

குடம் கேட்டு வந்த பேச்சி மதினி வாசலில் நின்று பார்த்தாள். ஒரு மனிதனின் சடையிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்க்கும் யாரும் கேட்கக்கூடிய முக்கியமான கேள்வியை அவள் கேட்டாள்.

"ஏத்தா, உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?"

ஒரு கை ஏந்திக் குடித்தாள். "நல்ல தண்ணிதான். லேசா சீயக்கா வாடை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனவள், தன் வீட்டில் இருந்த எல்லாக் குடத்தோடும், தன் வீட்டில் இல்லாத சில குடங்களோடும் திரும்பினாள். தன் பழைய குடங்கள் பலவற்றை நாகஜோதி அன்றைக்குத்தான் மறுபடி பார்த்தாள்.

பொழுது சாய்வதற்குள் வரிசை பேருந்து நிறுத்தத்தைத் தாண்டியது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தண்ணீர் வராததற்குத்தான் நல்லூற்றில் காரணம் கேட்பது வழக்கம், வந்ததற்குக் கேட்டால் நின்றுவிடும் என்ற பயம். ஊர்த்தலைவர் துரைச்சிங்கம் வந்தார், தலையைச் சுற்றி ஒரு வலம் வந்தார், எங்கேயாவது குழாய் மறைத்து வைத்திருக்கிறதா என்று காதுக்குள் பார்த்தார், பிறகு கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமி எந்த மலையில இருந்து வர்றீக?"

"நானு சாமி இல்லீங். போர் வண்டியில வேலைங்."

"பாத்தீகளாப்பு" என்றார் துரைச்சிங்கம், கூட்டத்தைப் பார்த்து. "நெசமான சாமி ஒருநாளும் தன்னைச் சாமின்னு சொல்லாது."

"ஐயோ, நெசமாவே இல்லீங். ஊட்ல பொண்டாட்டி இருக்காளுங், புள்ள இருக்குதுங், கறி திம்பேனுங்."

"எம்புட்டு அடக்கம்!" என்று கூட்டம் உருகியது.

மறுநாள் கூட்டம் போட்டார்கள், ஏனென்றால் கூட்டம் போடாத எதையும் நல்லூற்று தன்னுடையது என்று ஒப்புக்கொள்வதில்லை. 'சடைநீர்ப் பாதுகாப்புக் குழு' அமைந்தது. தண்ணீரில் வித்தியாசம் கிடையாது என்றாலும், தலை ஒன்று இருந்தால் அதில் மேல் கீழ் இருக்கத்தானே வேண்டும். ஆகையால் நெற்றிச் சடைகள் மேலத்தெருவுக்கு, காதோரச் சடைகள் வடக்குத்தெருவுக்கு, உச்சிச் சடை கோயிலுக்கும் துரைச்சிங்கம் வீட்டுக்கும், பிடரியில் இருந்த அந்தக் கால்மிதி மொத்தை காலனிக்கு என்று மிகுந்த நியாயத்தோடு பிரித்தார்கள். ஆனால் தண்ணீருக்கு அந்த நியாயம் புரியவில்லை. அது கீழ்நோக்கித்தான் ஓடியது. நெற்றியில் சொட்டுச் சொட்டாகவும் பிடரியில் குடம் குடமாகவும் வந்தது. காலனியிலிருந்து வந்த அன்னக்கொடி நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் குழு அவசரமாக இன்னொரு கூட்டம் போட்டு, செங்கோடனை முகம் குனிந்து உட்கார வைப்பது என்று முடிவு செய்தது. தலை குனிந்தால் நெற்றி கீழே வரும், பிடரி மேலே போகும். அறிவியலும் ஆசாரமும் நல்லூற்றில் கைகோத்து நடந்த நாள் அது.

அம்பலவாணன் முதலில் எதிர்த்தார். மயிர்த் தண்ணீர் குடித்தால் வயிறு வீங்கும், பேன் பிடிக்கும், ஆண்களுக்குச் சடை விழும் என்று தெருத்தெருவாகச் சொன்னார். யாரும் கேட்கவில்லை என்றதும், ஒரு காலையில் பட்டை பட்டையாக விபூதி பூசிக்கொண்டு வந்து செங்கோடன் காலில் விழுந்தார். அன்று முதல் அவருடைய லாரி பார்லருக்குப் பின்னால் நின்றது. பக்கத்து ஊர்களில் 'சடைத் தீர்த்தம்' என்று விற்றது. குடிநீர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார், ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார், நல்லூற்றுக்குச் சொந்த நீராதாரம் இருப்பதால் புதுக் குழாய் போடத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார். அலுவலகம் எங்களுக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னது இதுதான் முதல் தடவை என்று ஊரே பெருமைப்பட்டது.

நாகஜோதி மட்டும் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேலையே அதுதான். ஊர் தண்ணீரைப் பார்த்தது, அவள் முடியைப் பார்த்தாள். சடை காய வேண்டும். நனைந்த சடை காயாமல் கிடந்தால் உள்ளே பூசணம் பிடிக்கும், வெளியே பார்த்தால் தெரியாது, மோந்தால் தெரியும். ஊற வைத்த துணியை மறந்துவிட்ட வாடை செங்கோடனின் தலையிலிருந்து கிளம்பியிருந்தது. வேரில் தோல் வெந்து சிவந்திருந்தது. பாரத்தில் கழுத்து வளைந்து, பாவம், நிமிர்ந்து பார்த்தால் அவனுக்கு மனிதர்களின் இடுப்பும் குடமும்தான் தெரிந்தன.

ஒரு காலை, வரிசை தொடங்குவதற்கு முன், காதோரச் சடை ஒன்றை எடுத்து வேலை செய்தாள். வேப்பிலை வெந்நீரில் அலசினாள், துண்டால் ஒற்றிப் பிழிந்தாள், வெளியே நீட்டிக்கொண்டிருந்த முடிகளை ஊசியால் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துவிட்டாள், நைந்த இடத்தில் அவனுடைய உதிர்ந்த முடியையே வைத்துக் கோத்தாள், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் திரி உருட்டுவதுபோல் உருட்டினாள். சடை இறுகி, ஒழுங்காகி, அழகாகத் தொங்கியது. தண்ணீர் நின்றது.

செங்கோடன் அந்தச் சடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "காஞ்சிருக்குதுங்" என்றான், பல் முளைத்த குழந்தையைப் பார்த்தவன்போல. "அம்மிணி, எல்லாத்தையும் இப்படியே பண்ணிக் குடுத்துருங். நா ஊருக்குப் போகோணும்."

சற்று நேரத்தில் வடக்குத்தெரு முழுவதும் வாசலில் நின்றது. எங்கள் சடையை அடைக்க மேலத்தெருவில் எவ்வளவு வாங்கினாய் என்று கத்தியது. துரைச்சிங்கம் வந்து, "ஏத்தா, தெரியாமச் செஞ்சுட்ட, அவுத்து விட்டுரு" என்றார். நாகஜோதி வாயைத் திறந்தாள். அந்த இடத்தில் வேறொருத்தியாக இருந்தால் ஒரு சொல் வந்திருக்கும். அவளுக்குச் 'சரி' தான் வந்தது. தான் கோத்ததைத் தானே ஊசியால் கிழித்தாள். செங்கோடன் அதற்கும் தலையைக் குனிந்து கொடுத்தான். வேலையில் துளைகள் மூடப்படுவதும் திறக்கப்படுவதும் அவனுக்குப் பழக்கம்தான். ஆனால் அவன் அப்படிக் குனிந்து கொடுத்தது அவளை அன்றைக்கு முழுவதும் உறுத்தியது.

இரண்டு தடவை அவன் பேருந்து ஏறப் போனான். யாரும் கட்டிப் போடவில்லை, நல்லூற்று அப்படிப்பட்ட ஊர் அல்ல. விசிறி வீசினார்கள், இளநீர் வாங்கிக் கொடுத்தார்கள், பேருந்து நிறுத்தம் வரை குடத்தோடு கூடவே நடந்தார்கள். நடத்துநர்தான் ஏற்றவில்லை. "ஏன்யா, தலையில இருந்து குழாயாட்டம் ஊத்துது, சீட்டு நனையாதா? காஞ்சுட்டு வா, ஏத்திக்கிறேன்" என்று விசில் ஊதினார். காயவிட ஊர் சம்மதிக்காது, காயாமல் பேருந்து ஏற்றாது. இரண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

ஆவணி பிறந்தது. வேணி போனில் அழைத்தாள். செங்கோடனால் தலை நிமிர்ந்து போனைப் பார்க்க முடியவில்லை, நாகஜோதி மண்டியிட்டு உட்கார்ந்து போனைக் கீழே பிடித்துக் காட்டினாள்.

"அப்பா, ஏன்ப்பா தலையைத் தொங்கப் போட்டிருக்கீங்க? மூஞ்சியவே காட்ட மாட்டீங்கறீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு, அக்கா சடை பின்னிக்கிட்டு இருக்காங்."

"எப்பப்பா வருவீங்க? முகூர்த்தக்கால் நட்டாச்சு."

"வந்துருவேன் கண்ணு. தலை காய வேண்டீதுதான்."

இது குழுவின் காதுக்குப் போனது. சாமியாருக்கு மகளா என்று சிலர் புண்பட்டார்கள். துரைச்சிங்கம் பெருந்தன்மையாக, கல்யாணத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம், மண்டபம் இருக்கிறது, முக்கியமாகத் தண்ணீர்ப் பஞ்சமில்லை என்றார். சம்பந்தி வீட்டார் சம்மதிக்க மாட்டார்கள் என்று செங்கோடன் சொன்னதும், அம்பலவாணன் எல்லாருக்கும் நல்லதாக ஒரு வழி கண்டுபிடித்தார். சடைகளை வேரோடு வெட்டி, ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்க விட்டுவிடுவது. ஊருக்குத் தண்ணீரும் ஆயிற்று, அவனுக்குக் கழுத்தும் ஆயிற்று. இவ்வளவு கருணையான தீர்மானம் அந்தக் குழுவில் அதுவரை வந்ததில்லை என்பதால் கை தட்டி நிறைவேற்றினார்கள்.

தாம்பாளத்தில் வெற்றிலை, மஞ்சள், எலுமிச்சம்பழம், நடுவில் புதுக் கத்தரிக்கோல். பார்லர் நிறைய ஆட்கள், சன்னலில் ஆட்கள், தெரு கொள்ளாமல் குடங்கள். துரைச்சிங்கம் தாம்பாளத்தை நாகஜோதியிடம் நீட்டினார். கைராசிக்காரி அவள்தானே, முதல் முடிச்சை அவிழ்த்தவள்.

"வெட்டிக்கங் அம்மிணி" என்றான் செங்கோடன், குனிந்த தலையோடு. "நா வேணிகிட்டச் சொல்லிக்கறேனுங். மொட்டையா இருந்தாலும் அப்பன் அப்பன்தானுங்களே." அவன் முகம் யாருக்கும் தெரியவில்லை, முகத்திலிருந்து வடிந்தது சடைத் தண்ணீரா வேறு தண்ணீரா என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை.

நாகஜோதி கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். நெற்றிச் சடை ஒன்றைப் பிடித்தாள். அது கனத்தது. ஒரு மனிதன் தன்னிடம் உள்ளதில் பிடித்திருக்கிறது என்று சொன்ன ஒரே ஒரு பொருள் அது.

"முடியாது" என்றாள்.

சத்தம் சின்னதாகத்தான் வந்தது. புதுச் சொல் அல்லவா, தொண்டைக்கு அளவு தெரியவில்லை. துரைச்சிங்கம் தாம்பாளத்தோடு கிட்டே வந்தார்.

"என்னத்தா? என்ன முடியாது?"

"வெட்ட முடியாது."

நாகஜோதி மறுத்துப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆகவே இது மறுப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. தொழில் தெரிந்தவள் சொல்கிறாள், வெட்ட முடியாதாம்.

"கத்தரி ஏறலையாம்ப்பா!" என்றார் அம்பலவாணன், மயிர்க்கூச்செறிந்து.

"இல்லண்ணே, நான் வெட்ட மாட்டேன்னு..."

"மாட்டாதாம்! கத்தரி மாட்டாதாம்!" என்று சன்னலில் இருந்தவர்கள் தெருவுக்கு ஒலிபரப்பினார்கள். தெருவில் குலவை கேட்டது. பேச்சி மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நாகஜோதி ஒரு கணம் எல்லாரையும் பார்த்தாள். முப்பத்துச் சொச்ச வருஷம் வாயில் இல்லாமல் இருந்த சொல் இவ்வளவு வேலை செய்யும் என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே வாங்கி வைத்திருப்பாள்.

"அவுத்து விடவும் முடியாது" என்றாள், இம்முறை கொஞ்சம் சத்தமாக. "இனி நனைச்சு வைக்கவும் முடியாது. குனிஞ்சு உக்கார வைக்கவும் முடியாது. காயத்தான் வைக்க முடியும்."

துரைச்சிங்கம் தாடையைத் தடவினார். "காய வச்சா தண்ணி நின்னுருமேத்தா?"

நாகஜோதிக்குப் பொய் சொல்ல வராது, அதையும் ஒரே நாளில் கற்க முடியாது. "நின்னுரும்" என்றாள்.

ஆனால் ஊர் தனக்குத் தேவையானதைத் தானே சொல்லிக்கொண்டது. "பம்புசெட்டையும் அப்பப்ப நிப்பாட்டித்தான வைக்கணும், மோட்டார் காயில் எரிஞ்சு போகும்ல?" என்று அம்பலவாணன் எடுத்துக் கொடுத்தார். ஓய்வுக்குப் பிறகு இரண்டு மடங்காக வரும் என்று யாரோ சொன்னார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை, அப்படிப்பட்ட நல்ல சேதிகளைச் சொல்வது யார் என்று ஒருநாளும் தெரிவதில்லை.

மொட்டை மாடியில், சுள்ளென்ற வெயிலில், நாற்காலியைப் போட்டாள். நிமிர்ந்து உட்காரச் சொன்னாள். வேப்பிலைத் தண்ணீரில் அலசினாள், எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் அலசினாள் (தாம்பாளத்து எலுமிச்சை, வீணாகக் கூடாது), பிழிந்தாள், பிரித்தாள், கோத்தாள், உருட்டினாள், வெயிலுக்கு விரித்தாள். பூசணம் பிடித்த அடிச்சடையில் உள்ளே வரை ஊசி விட்டுக் கறுத்த பஞ்சை நோண்டி எடுத்தாள். செங்கோடன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான், வலி தாங்காதபோது தான் தோண்டின ஊர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னான், புகை வந்த ஊர்களைத்தான் சொன்னான், அவைதான் அதிகம். அந்த வரிசையில் நல்லூற்றும் வந்தது. ஒரு வருஷம் கோயிலுக்குப் பின்னால் போட்டார்களாம், புகைதான் வந்ததாம், துரத்தினார்களாம். நாகஜோதி ஊசியை நிறுத்தினாள், பிறகு தொடர்ந்தாள். அதைக் கீழே போய்ச் சொல்லும் அளவுக்கு அவள் ஊரை வெறுக்கவில்லை.

ஒவ்வொரு சடையாக மூடியது. கீழே தெருத்தெருவாகக் குடங்கள் காற்று வாங்கின. கடைசியாகப் பிடரி மொத்தை மிஞ்சியது. அதை மூன்று சடையாகப் பிரித்தபோது தண்ணீர் கடைசியாக ஒரு தடவை பெருகியது. அன்னக்கொடியை மாடிக்கு வரச் சொல்லி அவளுடைய குடங்களை நிரப்பினாள்.

"இதையும் மூடிட்டா உங்க பக்கம் என்னக்கா செய்வீக?"

"லாரியும் எங்க பக்கம் வராது, இந்தச் சடையையும் கூட்டம் போட்டு மேல தூக்கிட்டாக. புதுசா என்ன தாயி நடந்துறப் போகுது?" என்றாள் அன்னக்கொடி. "மூடு. மனுசன் கழுத்தைப் பாரு, வாழைத்தார் தூக்கின மரமாட்டம்."

மூடினாள். வெயில் மிச்சத்தைக் குடித்தது. செங்கோடன் எழுந்து நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். சடைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு காய்ந்த புளியங்காய்போல் கலகலத்தன.

"அம்மிணி, ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்கக் கூடாதுங்."

"கேளுங்கண்ணே."

"இதுல ஒரு முழம் பூ வைக்க முடியுங்களா?"

"முடியும்" என்றாள் நாகஜோதி. அந்தச் சொல் இப்போது வேறு ருசியாக இருந்தது. மணப்பெண்ணுக்கு வைக்கும் அத்தனை ஒழுங்கோடும் மல்லிகைச் சரத்தைச் சுற்றி, நுனியில் ஒரு குஞ்சலமும் கட்டிவிட்டாள். நடத்துநர் சடையை எடுத்துப் பார்த்தார், உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார், ஈரம் இல்லை. விசில் ஊதினார். ஊரே குடத்தோடு வழியனுப்பியது, ஓய்வெடுத்துவிட்டுச் சீக்கிரம் வரச் சொன்னது.

அவன் வரவில்லை. நல்லூற்று காத்திருந்தது, பிறகு தன் தலையிலேயே முயற்சி செய்வதென்று முடிவெடுத்தது. ஊரில் பாதிப்பேர் தலை வாருவதை நிறுத்தினார்கள். துரைச்சிங்கத்துக்கு மூன்று சிறு சடைகள் விழுந்தன. காலையில் எழுந்ததும் அவற்றைப் பிழிந்து பார்த்துக்கொள்வார். அம்பலவாணனுக்கு வழுக்கை, அவர் மறுபடி லாரிக்குத் திரும்பினார். குடிநீர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டபோது, சொந்த நீராதாரம் உள்ள ஊர் என்று திருப்பி அனுப்பினார்கள். நாகஜோதியின் பார்லரில் கூட்டம் குறையவில்லை; பூசணம், சிக்கு, ஒட்டின சடை என்று யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போக வந்தவளிடம் முடியாது என்றாள். குடம் கேட்டு வந்த பேச்சி மதினியிடமும் முடியாது என்றாள், மதினி அதையும் தொழில் சம்பந்தப்பட்டதாக எடுத்துக்கொண்டு, "குடத்துல என்னத்தா கோளாறு?" என்று கேட்டாள்.

மார்கழியில், கல்யாண ஆல்பம் கைக்கு வந்ததும் வேணி ஒரு படம் அனுப்பினாள். மணமேடையில் செங்கோடன், பட்டு வேட்டி, நிமிர்ந்த கழுத்து, தோளில் வரிசையாகக் காய்ந்த சடைகள், அதில் பெண்ணுடையதைவிடப் பெரிய பூச்சரம். கூடவே குரலும் அனுப்பியிருந்தாள்: "அக்கா, தாலி கட்டறப்ப அப்பா அழுதுட்டாருக்கா. நிறுத்தவே முடியல. பந்தியில சாப்பிட்டுட்டு இருந்தவங்ககூட எந்திரிச்சு வந்து பாத்தாங்க. கண்ணுல இருந்துதான்க்கா, தலை ஒரு சொட்டு நனையல."

நாகஜோதி அதை இரண்டு முறை கேட்டாள். மூன்றாம் முறை, பக்கத்தில் காலிக் குடத்தோடு உட்கார்ந்திருந்த பேச்சி மதினிக்கும் போட்டுக் காட்டினாள். மதினி படத்தை உற்றுப் பார்த்தாள், குரலைக் காதில் வைத்துக் கேட்டாள், முகம் வாடிப்போனாள்.

"அடிப்பாவி மகளே" என்றாள். "அம்புட்டுத் தண்ணியும் வீணாப் போயிருக்கே."